நிகாஹும் வாக்குச்சீட்டும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



ஆண்டுதோறும் இந்த மேடையில் ஜகாத், கல்வி, வரதட்சணை ஒழிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசி வந்திருக்கிறோம். இவ்வாண்டு சற்றே சங்கடமான ஒரு தலைப்பை எடுத்திருக்கிறோம். பள்ளிவாசலுக்குள் இதைப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நம் எல்லோருடைய கைப்பேசியிலும் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்ட ஒன்றைப் பள்ளிவாசல் மட்டும் பேசாமலிருப்பது பொறுப்பாகாது.

ஒரு ரமளான் இரவு

2024 ஆம் ஆண்டு ரமளானின் கடைசிப் பத்து நாட்கள். நோன்புப் பெருநாளுக்கு எட்டாம் நாள், ஏப்ரல் 19, ஒரு ஜும்ஆ நாளன்று தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. தராவீஹ் முடிந்து நாம் மிஹ்ராபிலிருந்து எழுந்தபோது, மூன்று இளைஞர்கள் கைப்பேசியை நீட்டினார்கள். “ஹஜ்ரத், இதைப் பாருங்கள். இன்ன கூட்டணிக்கு வாக்களித்தால் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்யச் சட்டம் வந்துவிடுமாம். வரும் ஜும்ஆவில் இதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள்.

“தம்பி, இதை எழுதியவர் யார்?” என்று கேட்டோம். தெரியவில்லை. “உங்களுக்கு அனுப்பியவர் யார்?” வேறொரு குழுவிலிருந்து வந்தது. “அந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையைப் படித்தீர்களா?” மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள்.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அவ்வாண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியான காங்கிரஸ் தேர்தல் அறிக்கை, விரிவான கலந்தாலோசனைக்குப் பின் ஒரே பாலின இணையர்களின் கூட்டு வாழ்வைச் சட்டம் அங்கீகரிக்க வழி செய்வோம் என்றது. திருமணம் என்ற சொல்லை அது பயன்படுத்தவில்லை. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் அத்தகைய இணையர்களுக்குச் சட்ட அங்கீகாரம் கோரியிருந்தது. பாரதிய ஜனதா கட்சியோ பொது சிவில் சட்டம் கொண்டு வருவோம் என்றது. இளைஞர்கள் காட்டிய செய்தியில் முதல் இரண்டும் பெரிதாக்கப்பட்டிருந்தன. மூன்றாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நம் நிகாஹை நேரடியாகத் தொடுவது இவற்றுள் எது என்ற கேள்வியை அந்தச் செய்தி எழுப்பவே இல்லை.

இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல நாம் இங்கே நிற்கவில்லை. அது இமாமின் வேலையும் அல்ல. வழிபாட்டுத் தலங்களை அரசியல் காரியங்களுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988 லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது தேர்தல் முறைகேடு என்பதை 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு மீண்டும் வலியுறுத்தியது. நாம் கேட்பது ஒன்றுதான். நம் ஈமானைத் தூண்டிலில் செருகும் புழுவாக மற்றவர்கள் ஆக்க நாம் இடம் கொடுக்கலாமா?

மார்க்கத்தின் நிலை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பின்னர் சொல்லப் போவதை யாரும் தவறாக விளங்கிக் கொள்ளக் கூடாது. ஷரீஅத்தில் நிகாஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே, ஈஜாப் கபூலுடன், சாட்சிகள் முன்னிலையில், மஹருடன் நடைபெறும் உடன்படிக்கையாகும். ஒரே பாலினத்தாரின் சேர்க்கையை மார்க்கம் தடுத்திருக்கிறது. லூத் (அலை) அவர்களின் சமூகத்தாரின் வரலாற்றைக் குர்ஆன் பல இடங்களில் எடுத்துரைக்கிறது. நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் இதில் ஒருமித்த கருத்துடையவர்கள். இதை மாற்றிச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை; மாற்றிச் சொல்லும் எண்ணமும் இல்லை.

ஆனால் ஒரு செயல் ஹராம் என்பது ஒரு பேச்சு. அந்த ஹராமைக் காட்டி நம்மிடம் வாக்கு வாங்க வருகிறவரை நம்பலாமா என்பது வேறு பேச்சு. அந்தச் செயலில் ஈடுபடுவோரிடம் நாம் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது பேச்சு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் தேர்தல் வியாபாரிகளின் இலாபம் இருக்கிறது.

பிற நாடுகள் தரும் படிப்பினை

அமெரிக்காவில் 2004 மே மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரே பாலினத் திருமணங்கள் தொடங்கின. அதற்கு முன்பே, பிப்ரவரி மாதத்தில், அதிபர் ஜார்ஜ் புஷ் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்குமே உரியது என்று அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 2 அன்று, அதிபர் தேர்தல் நடந்த அதே நாளில், 11 மாநிலங்களில் இது குறித்து மக்கள் வாக்கெடுப்பும் நடத்தப்பட்டது. பதினொன்றிலும் தடை நிறைவேறியது. புஷ் மீண்டும் அதிபரானார். அவர் இதனால்தான் வென்றாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பக்தியுள்ள மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்து வர இது பயன்படுத்தப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அந்த மக்களுக்குக் கிடைத்தது என்ன? அரசியல் சட்டத் திருத்தம் 2004 லும் நிறைவேறவில்லை, 2006 லும் நிறைவேறவில்லை. 2015 ஜூன் 26 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் அத்தகைய திருமணத்தை அனுமதித்துவிட்டது. இன்னொன்றையும் கேளுங்கள். 2004 இல் புஷ்ஷின் தேர்தல் பணிகளுக்குத் தலைமை தாங்கிய கென் மெல்மன், தாமே ஓரினச் சேர்க்கையாளர் என்பதை 2010 இல் வெளிப்படுத்தினார்; அன்றைய பிரச்சாரத்தைத் தடுக்காமல் போனதற்காக வருத்தமும் தெரிவித்தார். மக்கள் ஈமானோடு வாக்களித்தார்கள். வாக்கை வாங்கியவர்களுக்கு அது ஒரு கணக்கு.

நம் சமுதாயத்திற்கு இதைவிட நெருக்கமான பாடம் 2000 ஆம் ஆண்டுத் தேர்தல். அப்போது அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று புஷ்ஷை ஆதரித்தது. இரகசிய சாட்சியங்களை வைத்து முஸ்லிம்களைச் சிறையில் அடைப்பதை அவர் விவாத மேடையில் கண்டித்தது ஒரு காரணம்; குடும்ப ஒழுக்கம் பற்றிய அவர் பேச்சும் பலரைக் கவர்ந்தது. மறு ஆண்டு அக்டோபரில் அதே அதிபர் கையெழுத்திட்ட ‘பேட்ரியாட்’ சட்டத்தின் கடுமையை அதிகம் அனுபவித்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் ஹாம்ட்ராமிக் என்றொரு சிறு நகரம். ஏமன், வங்கதேச முஸ்லிம்கள் நிறைந்த ஊர். 2023 இல் நகர மன்ற உறுப்பினர் அனைவரும் முஸ்லிம்களாக இருந்தனர். 2023 ஜூனில் அம்மன்றம் ஓரினச் சேர்க்கையாளர்களின் வானவில் கொடியை நகராட்சி இடங்களில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டது. மத வலதுசாரிகள் அவர்களைக் கொண்டாடினார்கள். ஏமனில் பிறந்தவரான அந்நகர மேயர் 2024 தேர்தலில் டிரம்ப்பை ஆதரித்தார். 2025 ஜூனில் டிரம்ப் பயணத் தடை விதித்த 12 நாடுகளின் பட்டியலில் ஏமனும் இருந்தது. கொடிக்காகத் தோளில் கை போட்டவர்கள், விமான நிலையத்தில் கை கொடுக்கவில்லை.

ரஷ்யாவில் 2020 ஜூலை 1 அன்று முடிந்த வாக்கெடுப்பு வேறு வகை. திருமணம் என்பது ஆண் பெண் பிணைப்பு என்ற பிரிவையும், புதின் மேலும் இரு முறை அதிபராகப் போட்டியிட வழி செய்யும் பிரிவையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே கேள்வியாக வைத்தார்கள். முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்று சொல்லும் வசதி வாக்காளருக்கு இல்லை. குர்பானிக் கறியோடு எலும்பையும் சேர்த்து எடை போடுவார்கள். அங்கே எலும்புக்குள் ஒரு நாட்டையே வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் நடந்தவை

திருமணச் சட்டத்தை வைத்துத் தேர்தலில் நிற்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. முதல் பொதுத்தேர்தலிலேயே அது தொடங்கிவிட்டது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிய வருத்தத்தில் டாக்டர் அம்பேத்கர் 1951 இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த தேர்தலில் அந்த மசோதாவை எதிர்ப்பதையே முழக்கமாகக் கொண்டு பிரபுதத்த பிரம்மச்சாரி என்ற துறவி நேருவை எதிர்த்து நின்று தோற்றார். தமிழ்நாட்டிலோ 1967 இல் ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணாவின் அரசு, புரோகிதர் இன்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டம் இயற்றியது. நம் அண்டை வீட்டார் பலரின் தாய் தந்தையர் அப்படி மணம் புரிந்தவர்கள். அதனால் நம் நிகாஹுக்கு ஒரு குறைவும் வரவில்லை.

அடுத்து 2018 செப்டம்பர் மாதத்தை நினைவுபடுத்திக் கொள்வோம். அம்மாதம் 6 ஆம் தேதி, ஆங்கிலேயர் 1860 இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377 ஆவது பிரிவு, வயது வந்தோர் மனமொப்பித் தனிமையில் ஈடுபடும் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு அவ்விஷயத்தை நீதிமன்றத்தின் முடிவுக்கே விட்டுவிட்டது. 27 ஆம் தேதி, பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497 ஆவது பிரிவும் நீக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையில், 19 ஆம் தேதி, முத்தலாக் சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டுச் சிறை என்ற அவசரச் சட்டம் வந்தது. ஒரே மாதத்தில் மற்றவர்களின் படுக்கையறையை விட்டுக் காவல்துறை வெளியேறியது. நம் வீட்டுக் கூடத்திற்குள் நுழைந்தது. முத்தலாக் என்ற தீய வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. குடும்ப விவகாரத்தைச் சிறைக்கூடத்தில் தீர்க்க முடியாது என்பதே நம் வாதம். அந்த வாதம் நமக்கு மட்டும் பொருந்தும், பிறருக்குப் பொருந்தாது என்று சொன்னால் யார் கேட்பார்?

2023 ஆம் ஆண்டு இன்னும் தெளிவானது. ஒரே பாலினத் திருமணத்தை 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் சேர்க்கக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. மார்ச் மாதம் மத்திய அரசு எதிர்மனு தாக்கல் செய்தது. அத்தகைய அங்கீகாரம் நாட்டிலுள்ள தனியார் சட்டங்களின் நுட்பமான சமநிலையைக் குலைத்துவிடும் என்பது அம்மனுவின் முக்கிய வாதங்களுள் ஒன்று. ஜம்இய்யத் உலமாயே ஹிந்தும் தன்னை வழக்கில் இணைத்துக் கொண்டு மார்க்கத்தின் நிலையை எடுத்துரைத்தது. அது அவர்களின் உரிமை, கடமையும் கூட. ஏப்ரல் 18 அன்று விசாரணை தொடங்கியபோதே, மதங்களின் தனியார் சட்டங்களுக்குள் தாங்கள் போகப் போவதில்லை என்று நீதிபதிகள் தெளிவாக்கிவிட்டார்கள். ஆக, நம் நிகாஹ் அந்த வழக்கில் ஒருபோதும் கூண்டில் ஏற்றப்படவில்லை.

ஆனால் ஜூன் மாதம் என்ன நடந்தது? 14 ஆம் தேதி சட்ட ஆணையம் பொது சிவில் சட்டம் குறித்து மக்களின் கருத்தைக் கோரியது. 27 ஆம் தேதி போபாலில் பிரதமர் அச்சட்டத்தை ஆதரித்துப் பேசினார். மார்ச் மாதத்தில் தனியார் சட்டங்களின் சமநிலை காக்கப்பட வேண்டிய பொக்கிஷம். ஜூன் மாதத்தில் அதுவே நீக்கப்பட வேண்டிய சுமை. மூன்று மாத காலத்தில் சட்டங்கள் மாறவில்லை. எதிரில் நின்றவர் யார் என்பதுதான் மாறியது.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. அவ்வழக்கில் மாநிலங்களின் கருத்து கேட்கப்பட்டபோது எதிர்ப்புத் தெரிவித்தவற்றுள் ஆந்திரம், அசாமுடன் அப்போது காங்கிரஸ் ஆண்ட இராஜஸ்தானும் இருந்தது. அம்மாநிலத்தில் அவ்வாண்டு இறுதியில் தேர்தல். மறு ஆண்டு அதே கட்சியின் தேசிய அறிக்கை வேறு விதமாக எழுதப்பட்டது.

2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். திருமணம் செய்து கொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். திருமணம் அல்லாத கூட்டு வாழ்வுக்கும் அங்கீகாரம் தர இயலாது என்பது மூவரின் பெரும்பான்மைத் தீர்ப்பு. 2025 ஜனவரியில் மறு ஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. இதற்கிடையில், 2024 ஆம் ஆண்டு தேர்தல் முடிந்தபின், எதிர்த்து வாதாடிய அதே மத்திய அரசு அத்தகைய இணையர்களை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும், அவர்கள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றும் அறிவித்தது. அரசு நிர்வாகம் தன் வழியில் அமைதியாகப் போய்க் கொண்டிருக்கிறது. கூச்சல் தேர்தல் மேடைக்கு மட்டுமே.

உத்தரகண்ட் மாநிலத்தில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருமணம், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் அங்குள்ள முஸ்லிம்களுக்கு அச்சட்டமே பொருந்தும். பழங்குடியினருக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் நம்மை அச்சுறுத்திய சட்டம் வரவில்லை. நாம் கவனிக்காமலிருந்த சட்டம் வந்துவிட்டது.

முன்னோர்கள் காட்டிய வழி

மத்ரஸாவில் ஃபிக்ஹ் ஓதிய காலத்தில் உஸ்தாத் அவர்கள் சொன்ன ஒரு வரலாறு இன்றும் நம் மனத்தில் நிற்கிறது. உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை கலீஃபாவாக இருந்தார்கள். அக்காலத்தில் ஆட்சியின் கீழ் வாழ்ந்த மஜூஸிகள், அதாவது நெருப்பை வணங்குவோர், தம் மார்க்கப்படி மிக நெருங்கிய இரத்த உறவினரையும் மணந்து கொள்வார்கள். தாய், மகள் என்று கூட விலக்கு இல்லை. எந்த முஸ்லிமின் உள்ளமும் கூசும் காரியம். முந்தைய கலீஃபாக்கள் இதை எப்படி விட்டு வைத்தார்கள் என்று கலீஃபா அவர்கள் இமாம் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். இமாமின் பதிலின் கருத்து இதுதான்: அவர்கள் வரி செலுத்துவதே தம் நம்பிக்கையின்படி வாழ விடப்படுவதற்காகத்தான், நீங்கள் முன்னோரைப் பின்பற்றுகிறவரே தவிர, புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர் அல்லர்.

எண்ணிப் பாருங்கள். கையில் ஆட்சி இருந்தது, வாள் இருந்தது, மார்க்கச் சட்டம் இருந்தது. ஆயினும் ஒப்பந்தத்தின் கீழ் வாழும் பிற மக்களின் திருமணத்தில் அவர்கள் தலையிடவில்லை. இதனால் அந்த மணம் ஹலால் ஆகிவிட்டதா? இல்லை. நமக்கு ஹராமாக இருப்பதை நமக்கு ஹராம் என்றே வைத்துக் கொண்டு, பிறர் விஷயத்தில் ஒப்பந்தத்தை மதித்தார்கள். இன்று நம் நிலை என்ன? நாம் ஆட்சியாளர்கள் அல்லர். அரசியல் சட்டம் என்னும் ஒப்பந்தத்தின் நிழலில் வாழும் குடிமக்கள். நம் நிகாஹை நம் போக்கில் விடுங்கள் என்று கேட்கும் நாம், அந்த ஒப்பந்தம் பிறருக்கும் உண்டு என்பதை மறந்துவிட்டால் நம் கோரிக்கைக்கு என்ன எடை இருக்கும்? ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மை விலக்கிவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயம் நமக்குக் கற்றுத் தரும் பாடம்.

இன்னொரு எல்லையையும் மார்க்கம் வகுத்திருக்கிறது. ஒருவர் மீது ஒழுக்கக்கேட்டைச் சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு அந்நூர் அத்தியாயம் எண்பது கசையடி விதிக்கிறது. அவதூறைப் பற்றிய இவ்வளவு கடுமை எதற்கு? நாவு இலேசாக எடுத்து வீசும் கல் இது. மலேசியாவில் அன்வர் இப்ராஹிம் மீது 1998 முதல் இக்குற்றச்சாட்டு இருமுறை சுமத்தப்பட்டு, இருமுறையும் சிறை சென்றார். 2018 இல் மன்னரின் மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, 2022 இல் பிரதமரானார். அரசியலில் ஒருவரை வீழ்த்த எது எளிய ஆயுதம் என்பதை நம் உறவினர் பலர் வாழும் அந்த மண் பார்த்துவிட்டது.

ஹஜ்ரத் உமர் (ரழி) அவர்கள் ஓர் இரவு ரோந்து சென்றபோது ஒரு வீட்டில் கேட்ட சத்தத்தால் சுவரேறிக் குதித்து, மது அருந்திக் கொண்டிருந்தவரைப் பிடித்தார்கள். அவரோ, நான் ஒரு பாவம் செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள் என்றார். துருவி ஆராய்ந்தது, வாசல் வழி வராதது, ஸலாம் சொல்லி அனுமதி கேளாதது. கலீஃபா அவர்கள் அதை ஒப்புக் கொண்டு திரும்பிவிட்டார்கள் என்று நூல்களில் ஓதியிருக்கிறோம்.

நாம் செய்த தவறு

இதுவரை பிறரைப் பற்றிச் சொன்னோம். இனி நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

2023 இல் அவ்வழக்கு நடந்து கொண்டிருந்த நாட்களில், ஜும்ஆ பயானில் நாம் இதைப் பற்றிப் பேசினோம். ஹுக்மைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மிம்பரில் நின்று சில பேரை நடிப்பது போலப் பேசினோம். முன்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. அந்தச் சிரிப்பு நமக்கும் இனித்தது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

ஓராண்டு கழித்து, நாம் முதலில் சொன்ன அந்த ரமளானில், ஒரு தாய் தம் மூத்த சகோதரருடன் நம்மைப் பார்க்க வந்தார். அவருடைய மகன் நம் மக்தபில் ஓதியவர். குர்ஆனைத் திருத்தமாக ஓதும் பிள்ளை. “ஹஜ்ரத், அவன் ஒரு வருஷமாகப் பள்ளிக்கு வருவதில்லை. இப்போது குழுவில் வந்த செய்திக்குக் கீழே பெரியவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு நோன்பு திறக்கக் கூட எங்களோடு உட்காருவதில்லை” என்று அழுதார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. எந்த ஜும்ஆவிலிருந்து அவன் வரவில்லை என்பது நமக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவன் வீட்டுக்குப் போனோம். ஹுக்ம் அவனுக்குத் தெரியும். அதை அவனுக்குக் கற்பித்தவர்களே நாம்தான். நாம் சொன்னது, “மகனே, அன்று நாம் பேசிய விதம் தவறு” என்பது மட்டுமே. அவன் தலை குனிந்து கேட்டுக் கொண்டான். ஸலாமுக்குப் பதில் சொன்னான். பள்ளிக்கு இன்னும் வரவில்லை. வருவான் என்று துஆ செய்து கொண்டிருக்கிறோம்.

அருமைச் சகோதரர்களே, எந்தக் கட்சி அந்தச் செய்தியால் எத்தனை வாக்குப் பெற்றது என்பதை நாம் அறியோம். நம் பள்ளிவாசல் ஒரு தொழுகையாளியை இழந்தது என்பதை அறிவோம். நபித்தோழர் மாஇஸ் (ரழி) அவர்கள் தம் பாவத்தை ஒப்புக்கொள்ள வந்தபோது நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். அவரை அனுப்பி வைத்த ஹஸ்ஸால் என்பவரிடம், உமது ஆடையால் அவரை மறைத்திருந்தால் அதுவே உமக்கு நலமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் சொன்னார்கள். மறைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். கைப்பேசியில் பரப்புகிறோம்.

நம் ஜமாஅத் செய்ய வேண்டியவை

நிர்வாகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவதாக, ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழு தொழுகை நேரம், ஜனாஸா அறிவிப்பு, கல்வி உதவி ஆகியவற்றிற்கு மட்டுமே. எழுதியவர் பெயரில்லாத தேர்தல் செய்தி எந்தப் பக்கத்திற்குச் சாதகமானதாக இருந்தாலும் அதில் இடம்பெறக் கூடாது.

இரண்டாவதாக, தேர்தல் நெருங்கும்போது எல்லாக் கட்சிகளின் அறிக்கைகளையும் நாமே வாங்கிப் படிப்போம். வக்ஃபு, கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு, குடிநீர், வாடகை, வேலை ஆகியவற்றில் யார் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். உஸ்மான் சாலையில் கடை நடத்தும் நம் சகோதரருக்கும் அடையாற்றில் ஆட்டோ ஓட்டும் சகோதரருக்கும் அன்றாடம் தேவைப்படுபவை இவையே. வாக்கு ஓர் அமானிதம். யாருக்கு என்பது அவரவர் மனசாட்சியின் முடிவு.

மூன்றாவதாக, பெற்றோருக்கு. பிள்ளையிடம் இத்தகைய ஒன்றை அறிந்தால் அடிக்காதீர்கள், வீட்டை விட்டு விரட்டாதீர்கள். குணப்படுத்துகிறோம் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் கொண்டு போகாதீர்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் தொடர்பான வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இவ்விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக் கொண்டு, உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவிட்டார். அத்தகையோரைக் காவல்துறை துன்புறுத்துவதையும், மாற்றுகிறோம் என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளையும் அவ்வுத்தரவு தடுத்தது. அறியாததை அறியேன் என்று சொல்வது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழக்கம் என்று ஓதியவர்கள் நாம். தீர்ப்பின் எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தப் பணிவை ஏற்கலாம்.

நான்காவதாக, இதுவே மிக முக்கியமானது. திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, மறைத்து, ஓர் அப்பாவிப் பெண்ணையோ ஆணையோ பலி கொடுக்காதீர்கள். மணமக்கள் இருவரின் மனப்பூர்வமான சம்மதத்தை உறுதி செய்யாமல் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்து வாங்க மாட்டோம் என்று இந்த மேடையில் உறுதி கூறுகிறோம். மணமகளிடம் வலியார் மட்டும் கேட்டு வந்து சொல்வது போதாது. பெண்கள் வழியாகத் தனியே கேட்டறிய ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகத்தை வேண்டுகிறோம். நிகாஹைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

ஐந்தாவது வேண்டுகோள் நமக்கே. மிம்பரில் ஹுக்ம் சொல்லப்படும். யாரையும் இழித்துச் சிரிப்பு வாங்கும் பேச்சு இனி அங்கே இருக்காது. தவறினால் நம்மைத் திருத்துங்கள்.

யா அல்லாஹ்! சத்தியத்தைச் சத்தியமாகக் காணவும் அதைக் கனிவோடு சொல்லவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக. எங்கள் குடும்பங்களை ஃபித்னாவிலிருந்தும், எங்கள் நாவுகளை அவதூறிலிருந்தும் பாதுகாப்பாயாக. பள்ளியை விட்டு விலகிப் போன எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களை உன் இல்லத்தின் பால் திருப்புவாயாக. அவர்கள் திரும்பி வரும் நாளில் வரிசையில் விலகி இடம் கொடுக்கும் உள்ளத்தை எங்களுக்கும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.